இந்திராணி பேசும் பெட்டி

கோடு வருகிறது, போகிறது, வருகிறது. திரை முழுக்கக் கருப்பு; மேலே இடது மூலையில் 'க்ரப்' என்று நாலே நாலு ஆங்கில எழுத்து, அதன் பக்கத்தில் இந்த வெள்ளைக் கோடு. இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்று லேப்டாப் அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது. பசுபதி அணைத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், அடியில் இருந்த பாட்டரியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிப் பார்த்தார், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதை அதன்மேல் வைத்துக் கேட்டார். உள்ளே ஏதோ சுற்றுகிறது. உயிர் இருக்கிறது. உயிர் இருந்து என்ன செய்ய, வாயைத் திறக்க வேண்டுமே. அடுத்த அறையில் இந்திராணி சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள். காபி நேரத்துக்கு எழுந்துவிடுவாள். எழுந்து முகம் கழுவி, கழுத்தடியில் மூச்சு விடுகிற அந்தத் துளையை மூடியிருக்கும் பருத்தித் துணியைச் சரிசெய்துகொண்டு நேராக இங்கேதான் வருவாள். வந்து, என்ன என்று புருவத்தைத் தூக்குவாள். அந்தப் புருவத்துக்கு என்ன பதில் சொல்வது? உன் குரல் இந்தப் பெட்டிக்குள்தானே இருந்தது, பெட்டி ரொம்ப மெதுவாகிவிட்டது, புது சிஸ்டம் ஏற்றினால் சட்டென்று பேசும் என்று நினைத்தேன், நல்லது செய்யப்போய் இப்படி ஆகிப்போச்சு என்றா? குரல்வளையை எடுத்த டாக்டர்கூட எடுப்பதற்கு முன்னால் அவளிடம் கையெழுத்து வாங்கினார். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனைக்கும் யார் இவர்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். திண்டுக்கல்லில் பாதி வீடுகளின் செத்த லைனுக்கு உயிர் கொடுத்த கை. அந்தத் திமிர்தான், வேறென்ன. யூடியூபில் ஒருத்தன் 'வாங்க மக்களே' என்று ஆரம்பித்து, பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க, லினக்ஸ் போடுங்க, குதிரை மாதிரி ஓடும் என்றான். ஓடவெல்லாம் வேண்டாம், பேசினால் போதும் என்று இவர் காலையில் உட்கார்ந்தார். அவன் சொன்னபடியேதான் செய்தார். பென்டிரைவில் ஏற்றி, செருகி, கேட்ட கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அமுக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தால் முடிந்துவிட்டது, பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு என்டர் தட்டு என்று திரையே சொன்னது. பிடுங்கினார். தட்டினார். கருப்பு. க்ரப். கோடு. இதற்குப் பூட்லோடர் என்று பெயராம், மெஷினை எழுப்பிவிடுகிற குட்டிப் ப்ரோகிராம், முதலில் அதுதான் கண்விழித்து மற்றதையெல்லாம் எழுப்பும் என்று அவன் விளக்கினதை இவர் அப்போதே தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டார்: பழைய காலத்து எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். ரிசீவரை எடுத்தால் நம்பர் ப்ளீஸ் என்பாளே, அவள். அவள் எடுத்துவிட்டாள், க்ரப் என்று சொல்லியும்விட்டாள், அடுத்த முனைக்கு இணைப்புக் கொடுக்கத் தெரியாமல் கையில் வயரோடு திருதிருவென்று நிற்கிறாள். சரி, அந்த முனையில் வீடு இருக்கிறதா? அதுதான் கேள்வி. வீடே இல்லையென்றால்? அங்கேதான் மனம் போய் இடித்துக்கொள்கிறது, திரும்புகிறது, வேறு எதையாவது நினைக்கிறது, மறுபடி அங்கேயே போய் இடித்துக்கொள்கிறது. ஏனென்றால் நடுவில் ஒரு கேள்வி வந்தது. இரண்டு வட்டம். மேல் வட்டம், ஏற்கெனவே இருப்பதை இருக்கவிட்டுப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்கிறேன் என்பது. கீழ் வட்டம், டிஸ்கில் இருக்கிற எல்லாவற்றையும் துடைத்து அழித்துவிட்டு ஏறிக்கொள்கிறேன் என்பது. மேல் வட்டத்தைத்தான் தொடவேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தொட்டாரா? அந்த நேரம் பார்த்து இந்திராணி சிலேட்டோடு வந்து நின்றாள், பீர்க்கங்காயா புடலங்காயா என்று எழுதிக் காட்டினாள், ஏதாவது ஒண்ணு செய் தாயே என்று இவர் கையை ஆட்டினார். ஆட்டின கையில்தான் மவுஸ் இருந்ததா, அதற்கு முன்பே தொட்டுவிட்டாரா, அப்புறம் தொட்டாரா. மத்தியானம் சாப்பிட்ட பீர்க்கங்காய்க் கூட்டு இன்னும் நாக்கில் இருக்கிறது. எந்த வட்டம் என்பது மட்டும் எங்கும் இல்லை. கண்ணை மூடினால் இரண்டு வட்டத்திலும் புள்ளி தெரிகிறது.

மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த டாக்டரம்மாதான் அந்த யோசனையைச் சொன்னார். பழைய பேச்சு இனி வராதும்மா, அதனால் அடிக்கடி பேசுகிறதையெல்லாம் இப்போதே உங்க குரலில் பதிந்து வைத்துக்கொள்ளுங்க, கம்ப்யூட்டரில் தட்டினால் பேசும் என்றார். ஊருக்கு வந்ததும் இரண்டு பேரும் படுக்கையறையில் உட்கார்ந்தார்கள். விசிறிச் சத்தம் விழக்கூடாதென்று விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, வேர்வையில் குளித்துக்கொண்டு. இவர் செல்போனை அவள் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார். நல்ல குரல் அவளுக்கு. நல்ல குரல் என்றால் பாடுகிற குரல் இல்லை, தெருமுனை திரும்பிவிட்ட காய்கறி வண்டியை வாசலில் நின்றபடியே திருப்பி வரவழைக்கிற குரல். அதற்குள் கரகரப்பு ஏறிவிட்டிருந்தது, இருந்தாலும் அவள் குரல்தான். ஆனால் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஓயாமல் பேசினவள், பேசு என்றதும் விழித்தாள். நான் தினமும் அப்படி என்ன பேசறேன் என்று இவரையே கேட்டாள். என்னைத் திட்டுவியே, அதைச் சொல்லு என்று இவர் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. மோட்டாரை நிறுத்துங்க, தண்ணி வழியுது. சும்மா இருங்க. ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. ஹேமா, சாப்டியா, என்ன சாப்ட்ட. ஹேமா ஓசூரில் இருக்கிற அவர்கள் மகள். வலிக்குது. வலிக்கல, நீங்க போய்ப் படுங்க. அந்தக் கடைசி இரண்டையும் அவள் எந்த முகத்தோடு சொன்னாள் என்பதை நினைக்கக்கூடாது என்றுதான் இவர் வைத்திருக்கிறார், ஆனாலும் நினைக்கிறார். அப்புறம் 'ஏங்க'. அது மட்டும் பல தினுசு. சும்மா கூப்பிடுகிற ஏங்க, கோபத்து ஏங்க, காரியம் ஆகவேண்டுமென்றால் கடைசியில் கொஞ்சம் இழுக்கிற ஏங்க. இழுக்கிறதைச் சொல்லும்போது வெளியே ஒரு காக்கா கத்திவிட்டது. இன்னொரு தடவை சொல்லு என்றார். போதும் போங்க, காக்காவும் உங்களத்தான் கூப்பிடுது என்றாள், அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பெட்டியில் அதைத் தட்டினால் பின்னாலேயே காக்கா கத்தும். ஹேமா சாப்டியாவுக்கு நடுவில் குக்கர் விசில் அடிக்கும், வீட்டுக்கு வந்தவர்கள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். தட்டினால் கேட்கும். நேற்று ராத்திரி வரைக்கும், தட்டினால் கேட்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நாள் பூரா தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா வந்தால் ஒரு கை மடியில், ஒரு கை விசைப்பலகையில். அப்புறம் குறைந்தது. இப்போதெல்லாம் அந்தப் பக்கமே வருவதில்லை. பிள்ளைகள் எழுதி விளையாடுகிற சிலேட்டு ஒன்றை ஹேமா வாங்கிக் கொடுத்திருந்தாள், எழுதினால் பச்சையாகத் தெரியும், பொத்தானை அமுக்கினால் அழிந்துபோகும், அதிலேயே எல்லாப் பேச்சும். ஏன் இப்படி என்று இவர் யோசித்து யோசித்து, லேப்டாப் கிழடு தட்டினதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். திறக்கவே அத்தனை நேரம், தட்டினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், மோட்டாரை நிறுத்துங்க என்று அது சொல்லி முடிப்பதற்குள் தொட்டி வழிந்து தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். ஆத்திர அவசரத்துக்கு ஆகாத பேச்சு என்ன பேச்சு, பாவம், அலுத்துவிட்டாள். வேகமாக்கிக் கொடுத்தால் மறுபடி பேசுவாள். சிலேட்டு எழுத்தைக் குறை சொல்வதற்கில்லை, குண்டு குண்டாக, படிக்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடாதே. சிலேட்டைப் பார்க்கவேண்டுமானால் முதலில் அவளைப் பார்க்கவேண்டும். இவருக்கு வேண்டியிருந்தது வேறு. பேப்பரில் மூழ்கியிருக்கும்போது, கொல்லையில் கொடியில் துண்டு போடும்போது, எங்கிருந்தோ ஒரு ஏங்க வந்து பிடரியில் விழவேண்டும். இவர் அலுத்துக்கொண்டே என்ன என்று கேட்கவேண்டும். இதைப் போய் யாரிடம் சொல்வது? ஹேமாவிடம் சொல்ல முடியுமா, உங்கம்மா என்னைக் கூப்பிடவில்லை என்று? நாள் முழுக்க அது காதில் விழுந்த காலத்தில் இதென்ன தொணதொணப்பு என்று டிவி சத்தத்தைக் கூட்டினவர்தானே. இப்போது டிவியை அணைத்தே வைத்திருக்கிறார், பூனை நடந்தால் கேட்கிறது. ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிறார், வெட்கக்கேடு.

காப்பி எடுத்து வைக்கலையாப்பா என்று ஹேமா கேட்பாள். முதல் கேள்வியே அதுதான். எடுத்து வைத்திருந்தார், அதுதானே கொடுமை. ஒரு பென்டிரைவில் அத்தனையையும் ஏற்றி இந்திராணியிடம் கொடுத்தார். வீட்டில் எது முக்கியமோ அதெல்லாம் சாமி அலமாரிக்குப் போய்விடும் அவளுக்கு, வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியிலிருந்து ஹேமாவின் தொப்புள்கொடித் தாயத்து வரைக்கும். பென்டிரைவுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். காலையில் அந்த யூடியூப்காரன், பென்டிரைவ் ஒன்று வேணும், அதில் இருக்கிறதெல்லாம் போயிடும், பார்த்துக்கோங்க என்றான். இவர் மேசை இழுப்பறையைக் குடைந்தார், இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே பென்டிரைவ் முருகனிடம் இருந்தது. இதில் இருப்பதுதான் லேப்டாப்பிலேயே இருக்கிறதே, வேலையை முடித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டால் போச்சு என்று எடுத்தார். குங்குமத்தைக்கூடப் பதனமாகத் துடைத்தார், அந்தப் புத்திசாலித்தனத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எக்ஸ்சேஞ்சில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், ஒரு ஜோடி வயரை வெட்டணும்னா மாற்று ஜோடி உயிரோட இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கத்தரியை எடுக்கணும் என்று வருஷக்கணக்காகச் சொன்ன வாய் இது. ஒரே காலையில் மாற்றையும் அழித்து, மூலத்திலும் கை வைத்துவிட்டது அதே ஆளின் கை. வேறு எங்கே இருக்கும் அவள் குரல்? பதிவு செய்த செல்போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்று. ஹேமாவிடம் இருக்குமா? இருக்காது, பதிந்து அனுப்புகிற பழக்கமே இந்திராணிக்குக் கிடையாது, நேரே கூப்பிட்டுப் பேசு பேசு என்று பேசி வைக்கிறவள். இவர்கள் கல்யாண வீடியோவில் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள், நாதஸ்வரம்தான் கேட்கும். அப்படியானால் இனி இந்த மண்டைக்குள் மட்டும்தான். இருக்கிறதா பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்த இழுக்கிற ஏங்கவை நினைத்துப் பார்த்தார். காக்காதான் முதலில் வந்தது. அவள் குரலுக்காகக் காத்திருந்தார், சொல் வந்தது, அதில் குரல் இல்லை, இவர் குரலிலேயே வந்தது. அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். புரண்டு படுத்தாள் போலிருக்கிறது. அந்தத் துளை வழியே வரும் மூச்சுக்கு ஒரு மெல்லிய சீழ்க்கை உண்டு, ராத்திரி விழிப்புத் தட்டினால் இவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி கண்ணை மூடுவார். இப்போதும் கேட்டது. தூங்கு, இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு, என் கண்ணு.

கோடு வருகிறது, போகிறது. பதறினால் ஆகாது, யோசி. லைன் செத்துப்போச்சு என்று புகார் வந்தால் எடுத்தவுடனே கேபிள் அறுந்துவிட்டது என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பமாட்டார் அவர், முதலில் எக்ஸ்சேஞ்சில் வயர்கள் வரிசையாகச் சேருகிற சட்டத்தில் வரிசை மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு மழைக்காலத்தில் யாரோ மேல் வரிசையில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடாமல் அடுத்ததை அதில் ஏற்றி, அதற்கடுத்ததை இதில் ஏற்றி, வரிசையே ஓர் இடம் நகர்ந்துவிட்டது. வக்கீல் வீட்டுக்கு வந்த போனெல்லாம் கறிக்கடைக்குப் போனது. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஒரு லைனும் அறுந்திருக்கவில்லை, எல்லா வீடும் அங்கங்கேதான் இருந்தது. எண்ணிக்கைதான் மாறியிருந்தது. அன்றைக்குச் சட்டத்துக்கு முன்னால் நின்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது ஞாபகம் வந்தது, கூடவே காலையில் பார்த்த திரையும் ஞாபகம் வந்தது. எங்கே ஏறவேண்டும் என்று கேட்ட இடத்தில் வரிசை போட்டிருந்ததே. முதலில் பென்டிரைவ். இரண்டாவதாக டிஸ்க். அந்த ஆபரேட்டர் என்ன குறித்துக்கொண்டிருப்பாள்? இரண்டாவது வீட்டுக்குக் கொடுக்கணும் என்று குறித்துக்கொண்டிருப்பாள். இவர் முதலாவதைப் பிடுங்கிவிட்டார். இரண்டாவதாக இருந்தது முதலாவதாகிவிட்டது. அவள் இல்லாத இரண்டைத் தேடிக்கொண்டு நிற்கிறாள், வீடு பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியானால் பென்டிரைவை மறுபடி செருகினால் கணக்குச் சரியாகிவிடும். செருகவேண்டியதுதானே? கை போகவில்லை. செருகினால் அது பாட்டுக்கு மறுபடி முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டால்? கேட்காமல் கொள்ளாமல் கீழ் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு, மிச்சம் மீதி இருந்ததையும் துடைத்துவிட்டால்? செருகாமல் இருக்கிறவரைக்கும் உள்ளே அவள் இருக்கிறாள் என்றாவது வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதும் இப்படித்தான் வராந்தாவிலேயே நின்றார், உள்ளே போகாதவரைக்கும் ஒன்றும் மாறவில்லை என்று. அவள்தான் நர்ஸை அனுப்பி வரச் சொன்னாள். போனபோது சிரித்தாள். அவள் முகம் அப்படியேதான் இருந்தது. பென்டிரைவை எடுத்தார். ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை. முருகா என்றுகூடச் சொல்லவில்லை, சொல்ல முகமில்லை. செருகினார். பவர் பொத்தானை அமுக்கினார். அமுக்கின கையோடு மேல் வரிசையில் யூடியூப்காரன் சொன்ன அந்த விசையைப் படபடவென்று தட்டினார், எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று கேட்டு இரண்டு பெயர் வந்தது. பென்டிரைவைத் தாண்டி டிஸ்குக்கு வந்தார். தட்டினார்.

கருப்பு. க்ரப். கோடு. வந்தது, போனது, வந்தது. போச்சு என்று நினைத்த அதே நேரத்தில் கோடு கீழே குதித்தது, திரையில் ஒரு சின்னப் பட்டியல் வந்து நின்றது. மேலே புது சிஸ்டத்தின் பெயர். கீழே பழையதன் பெயர். பழையதன் பெயர். அழித்திருந்தால் அந்தப் பெயர் வருமா? வராது. அப்படியானால் மேல் வட்டம், மேல் வட்டத்தைத்தான் தொட்டிருக்கிறார், பீர்க்கங்காய் நேரத்திலும் கை தப்பு செய்யவில்லை. இருந்தாலும் கண்ணால் பார்க்கிறவரைக்கும் நம்பக்கூடாது. புதியதைத் திறந்தார், அட, என்ன வேகம், அதிலிருந்து பழைய டிஸ்குக்குள் போனார், வழி தெரியாமல் ஒன்றிரண்டு அறைக்குள் நுழைந்து வெளியே வந்தார், இருந்தது. 'இந்திராணி' என்று அவர் பெயர் வைத்த அதே ஃபோல்டர். உள்ளே வரிசை வரிசையாக, மோட்டார், ஈரத் துண்டு, ஹேமா சாப்டியா, வலிக்குது, வலிக்கல. ஒன்றுகூடக் குறையவில்லை. பசுபதி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டால் மறுபடி மங்கியது. கிழவா, அழுகிறாயே, அதுதான் கிடைத்துவிட்டதே. ஒலியை முழுக்க ஏற்றி வைத்தார். அந்த இழுக்கிற ஏங்கவைத் தட்டுவோம், சத்தம் கேட்டு அவள் எழுந்து வருவாள், வந்து தன் குரல் எத்தனை வேகமாக வருகிறது என்று பார்ப்பாள். மவுஸை அதன்மேல் கொண்டுபோனார்.

"பசுபதி."

யாரோ கூப்பிட்டார்கள். கட்டைக் குரல், அடித் தொண்டைக்கும் கீழேயிருந்து வருகிற ஒரு ஏப்பம் பாதி வழியில் சொல்லாக மாறிவிட்ட மாதிரி. வாசலைப் பார்த்தார், கதவு தாழ் போட்டிருந்தது. ஸ்பீக்கரைப் பார்த்தார், இவர் இன்னும் எதையும் தட்டவில்லை. திரும்பினால் படுக்கையறை வாசலில் இந்திராணி நிற்கிறாள், தூக்கக் கலக்கம் போகாத கண், ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டு. முகம் சிவந்திருந்தது. அவள் எப்போதும் இரண்டு கையையும் தட்டித்தான் கூப்பிடுவாள். தட்டியிருக்கிறாள், இவருக்குத்தான் காது கேட்கவில்லை, இவர் அவள் குரலைத் தேடுவதில் மும்முரமாக இருந்துவிட்டார். அவள் உதடுகள் மறுபடி சேர்ந்தன, தொண்டை ஒரு மடக்குக் காற்றை விழுங்கியது.

"ப... சுபதி. தண்ணி."

அடுப்படிக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் வைக்கவேண்டும், அதற்காகக் கூப்பிட்டிருக்கிறாள். டாக்டரம்மா அன்றைக்கு இதைப் பற்றியும் சொல்லியிருந்தார், காற்றை விழுங்கி விழுங்கி அதையே பேச்சாக வெளியே விடுகிறவர்கள் உண்டு, பழகினால் வரும், சிரமம், நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்று. இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை, குரல்தான் பெட்டியில் இருக்கிறதே என்று இருந்துவிட்டார். நீ எப்போ, எங்க வெச்சு, என்று இவர் கேட்டதற்கு அவள் மாடியைக் கையால் காட்டினாள். துணி உலர்த்தப் போகிறேன் என்று போய் மத்தியான வெயிலில் அத்தனை நேரம் நின்றது இதற்காகத்தானா. இன்னும் நன்றாக வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம், இன்றைக்குத் தண்ணீர் அவசரப்படுத்திவிட்டது. சிலேட்டை எடுத்து மடமடவென்று எழுதினாள். ஏங்க வரல. காத்து நிக்க மாட்டேங்குது. ப, த, க, இதெல்லாம்தான் வருது. நான் என்ன செய்ய, உங்க பேரு அப்படி. எழுதிக் காட்டிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த அன்றைக்கு நாத்தனார்கள் கதவை மறித்துக்கொண்டு பெயரைச் சொன்னால்தான் விடுவோம் என்றபோது சிவபெருமான் பேருதான் என்று மட்டும் சொல்லி உள்ளே வந்தவள். ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால் இவர் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்தப் பெயரையா மொட்டை மாடியில் நின்று ஆகாயத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள்? பசுபதிக்குச் சிரிப்பு வந்தது. தான் செய்த காரியத்தை ஒன்றுவிடாமல் சொன்னார், வட்டத்தை, பென்டிரைவை, முருகனை. உன் குரலை அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன், இல்லை, பத்திரமாக இருக்கிறது, இப்போது வேகமாகவும் வருகிறது, கேளேன் என்று மவுஸைத் தொட்டார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சிலேட்டில் இந்தத் தடவை மெதுவாக எழுதினாள். அவ பேசறப்ப நான் செத்துப்போயிட்ட மாதிரி இருக்கு. நான் இங்கதான இருக்கேன்.

இவர் அதைப் படித்தார். பொத்தானை அமுக்கி அவள் அழித்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இருக்கிறது என்று இத்தனை நாளும் லேப்டாப்பைப் பழித்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம். அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். தண்ணி, என்று அவள் மறுபடி சொன்னாள், இந்தத் தடவை கோபத்தோடு, கோபம்கூடச் சரியாக வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனார். குழாயடியில் குடத்தை வைத்தார். தண்ணீர் சத்தம் மாறிக்கொண்டே ஏறியது. கூடத்தில் அவள் ஒரு மடக்குக் காற்று விழுங்குவது இங்கே வரைக்கும் கேட்டது. பசுபதி, என்றது அந்தப் புதுக் குரல். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது, பிடரியில் விழுந்தது. கேட்டது, நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அவர் திரும்பாமல் நின்றார்.